உங்கள் நாற்காலிக்குக் கீழே

அத்தை, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்று காலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது சாயங்காலம். முன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்தியும் அந்த வாசனை உள்ளே வருகிறது. மேலாக ஈர சிமென்ட் வாசனை. அதற்கு அடியில் வேறொன்று: பல வருடம் வெயில் படாத கல்லும் தண்ணீரும் சேர்ந்த வாசனை. உங்கள் பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கி மூடியைத் திறந்தபோது இப்படித்தான் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. அது அண்டா. இது நாம் தினம் நடந்த தரை.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் போர்ட்டிகோவுக்கு அடியில் ஒரு கிணறு இருக்கிறது. தூர்த்த கிணறு இல்லை. சுற்றுக் கல்லோடும் தண்ணீரோடும் முழுக் கிணறு. உங்கள் நாற்காலி இருந்த இடது மூலைக்கு நேர் கீழே.

சென்ற மழைக்காலத்தில்தான் அந்த மூலை இறங்கத் தொடங்கியது. முதலில் தண்ணீர் தேங்கியது. பிறகு தூணுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வந்தது. மாடிப்படியின் கடைசிப் படியும் லேசாகச் சாய்ந்தது. "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்றார் உங்கள் மகன். தொம்மலூரில் நம் தெருவில் எல்லா வீட்டையும் இடித்து நான்கு மாடி ஐந்து மாடியாகக் கட்டிவிட்டார்கள். பழையதாக நிற்பதே பெரிய தகுதி என்பது போலப் பேசுகிறார். நான் தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது நிதானமாக உருண்டு போய் மூலையில் நின்றது. அதன் பிறகு அவரே ஆள் தேடினார்.

அடுகோடியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். இரும்புக் கம்பியால் தரையை இங்கேயும் அங்கேயும் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஹெக்கணா வேலை மேடம் இது."

"என்னது?"

"பெருச்சாளி. அடியில பூரா வளை பண்ணி மண்ண வெளிய தள்ளிடுச்சு. இந்த ஏரியாவுல வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஓட்டை போட்டு சிமென்ட் பால் ஊத்தினா கெட்டியாயிடும். அப்புறம் மேல ஒரு லேயர். முடிஞ்சுது."

"மண்ண வெளிய தள்ளியிருந்தா, அந்த மண்ணு எங்க?"

மேஸ்திரி என்னைப் பார்க்காமல் உங்கள் மகனைப் பார்த்தார். "சார், மேடம் போலீஸ்ல இருக்காங்களா?"

உங்கள் மகன் சிரித்தார். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். "என் மருமக சாமிக்கே ப்ரூஃப் கேப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே. மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் என் வேலையே அதுதான். முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரத்தைத் தேடக் கூடாது. ஆனால் இந்த முறை எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. பெருச்சாளி என்றால் பெருச்சாளி என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை வேலை தொடங்கியது. மாடியில் குடியிருக்கும் பெண்ணும் அவள் கணவனும் குழந்தையோடு கிருஷ்ணகிரிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நாள் என்று பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தோம். மேஸ்திரி மூலையில் துளை போட்டார். சிமென்டைத் தண்ணீராகக் கரைத்துப் புனல் வைத்து ஊற்றினார். உங்கள் மகன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"குடிக்குது சார். நல்லாக் குடிக்குது," என்றார் மேஸ்திரி.

இன்னொரு வாளி. பிறகு இன்னொன்று. நிறைந்து மேலே வர வேண்டிய சிமென்ட் வரவே இல்லை. "பெரிய குடும்பமா இருந்திருக்கும் போல, பெட்ரூம் கிச்சனெல்லாம் வெச்சிருக்கு" என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே அடுத்த வாளியைச் சாய்த்தார். அப்போது அடியிலிருந்து சத்தம் வந்தது. நனைந்த துணி மூட்டையை யாரோ தண்ணீரில் போட்டது போல. வெகு தூரத்தில் கேட்டது. ஆனால் எங்கள் காலுக்கு நேர் கீழே.

மேஸ்திரி கீழே கிடந்த ஒரு ஜல்லியை எடுத்துத் துளைக்குள் விட்டார். காத்திருந்தோம். மறுபடியும் அந்தச் சத்தம், இந்த முறை சின்னதாக.

அவர் முகம் மாறிய விதத்தை நான் மறக்கப்போவதில்லை. வாளியை வைத்தார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "சார், அப்படியே என் பக்கம் வாங்க. மெதுவா. குதிக்காதீங்க," என்றார். உங்கள் மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், என்ன?" என்று அங்கேயே நின்று கேட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். டீ முழுக்க என் மேல் கொட்டியது. சூடு தெரியவில்லை. அரை மணி கழித்துக் கை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மதியத்துக்குள் ஓரமாகக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தார்கள். சிமென்ட் தரையில் ஒரு கம்பிகூட இல்லை. அதற்குக் கீழே கிணற்றின் வாயை மூடிச் சப்படிக் கல், அந்தக் காலத்தில் வேலிக்கும் கூரைக்கும் போட்ட கருங்கல் பலகை, வரிசையாகக் கிடக்கிறது. மேலே மரப் பலகை போட்டு அதன் மேல் குப்புறப் படுத்து நானும் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் கிணற்றுச் சுவரின் கற்கள் வட்டமாக இறங்கிப் போயின. இடையில் வேர்கள். கடைசியில் கறுப்பாகத் தண்ணீர். அதில் நாங்கள் ஊற்றிய சிமென்ட் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் பக்கத்தில்தான் விழுகிறது. வருடக்கணக்காக அந்தத் தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்குள் கொண்டுபோயிருக்கிறது. மண் எங்கே என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கல் பலகைகளில் ஒன்று நடுவில் விரிசல் விட்டு உடைந்திருந்தது. இரண்டு துண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு விழாமல் நின்றன. அதற்கு மேலே என்ன இருந்தது என்று கண்ணால் அளந்தேன். உங்கள் நாற்காலி.

அப்போதிலிருந்து, அத்தை, நான் நினைக்க விரும்பாததெல்லாம் வரிசையாக வருகிறது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சாயங்காலம் அந்த நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நீங்கள் உள்ளேயிருந்து வந்து நின்றீர்கள். கோபமாகக்கூட இல்லை. "எழுந்திரும்மா, அது என் எடம்" என்றீர்கள். அவ்வளவுதான். நான் எழுந்தேன். வீட்டில் எனக்கு எது, எது இல்லை என்பதை அன்றைக்கே புரிய வைத்துவிட்டதாக நினைத்தேன். அதன் பிறகு அந்த நாற்காலியை நான் தொட்டதே இல்லை. அந்த ரோஷத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

உங்கள் மகன் முதல் ஸ்கூட்டர் வாங்கியபோது மழையில் நனையாமல் மூலையில் நிறுத்தப் பார்த்தார். நீங்கள் விடவில்லை. "நான் எங்க உக்காருவேன்? ஸ்கூட்டர் மேலயா?" என்றீர்கள். ஸ்கூட்டர் தெருவில் நின்றது, கண்ணாடியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். வாஷிங் மெஷின் கொண்டுவந்த ஆட்கள் மூச்சு வாங்குவதற்காக அதை மூலையில் இறக்கப்போனபோது, "அல்லி இடபேடி!", அங்கே வைக்காதீர்கள் என்று, கன்னடத்தில் நீங்கள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அவ்வளவு மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

என் மகள் மூன்று சக்கர வண்டி ஓட்டிய நாட்கள். அவள் மூலைப்பக்கம் வரும்போதெல்லாம் நீங்கள் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மறிப்பீர்கள். "டோல்கேட்டு. காசு குடுத்தாத்தான் விடுவேன்." அவள் கெக்கெக்கென்று சிரித்துத் திரும்பிப் போவாள். அதை நான் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கால் மட்டும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் அதை ஒருமுறைகூட மடக்கி அவளைப் போக விட்டதில்லை.

ஆனால் உடனே என் மனம் எதிர்ப்பக்கம் வாதாடுகிறது. அந்த மூலையிலிருந்துதான் தெருமுனை தெரியும். பால் பூத்தும், அங்கே நின்று பேசுகிறவர்களும், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். காற்றும் அங்கேதான் வரும். ஒரு மனுஷிக்குத் தன் இடத்தின் மேல் பிடிவாதம் இருக்கலாம். அதற்கு அடியில் கிணறு இருந்தாக வேண்டும் என்பதில்லை. நடந்துமுடிந்த பிறகு எல்லாவற்றுக்கும் அர்த்தம் கொடுப்பது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் இருக்கக் கூடும் என்று ஈஜிபுராவில் இருக்கும் உங்கள் தங்கைக்குப் போன் போட்டோம். உங்கள் மகன் ஸ்பீக்கரில் வைத்தார்.

"சித்தி, நம்ம வாசல்ல கிணறு இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"யாருடா தோண்டினது?"

"யாரும் தோண்டல. தரை அதுவா எறங்குது."

"உங்கப்பாதான் கல்லு போட்டு மூடினாரு. காவேரித் தண்ணி கனெக்‌ஷன் வந்துருச்சு, இனி கெணறு எதுக்கு, வாசல் அழகா இருக்கட்டும்னு. ஆனா மண்ணு போட மனசு வரல. குடிச்ச கெணத்து வாயில எப்படி மண்ணப் போடறதுன்னு ஒரே அழுகை. கெணத்தத் தூத்தா பாவம், தூத்த கைக்கு ஆகாது. அதனால கல்லு போட்டு, மேல சிமென்ட்டு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கெணறு இருந்தது தெரியாம இருக்குமா? அவதான எறைச்சா. ஆனா மூடறப்ப அவ இல்ல. உன்னப் பெத்துக்க ஊருக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பாத்தா சிமென்ட்டு வாசல். மண்ணு போட்டு மூடினேன்னு சொன்னாரா, வெறுங்கல்லுன்னு சொன்னாரா, அது அவங்க ரெண்டு பேருக்குத்தான் வெளிச்சம்." பிறகு, "டேய், மண்ணு கிண்ணு போட்டுறாத. வீட்ல பொம்பளப் புள்ள இருக்கு," என்றார்.

ஆக, உங்கள் மகனுக்கும் அந்தத் தரைக்கும் ஒரே வயது. இத்தனை காலத்தில் கிணறு என்ற சொல்லையே நான் இந்த வீட்டில் கேட்டதில்லை. கோடையில் வாரம் ஒரு டேங்கருக்குக் காத்திருந்தோமே, அப்போதுகூட.

போனை வைத்த பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் அதிகமாக உலுக்கிவிட்டது. உங்கள் மகன் தார்ப்பாய் எடுத்துவந்து உடைத்த இடத்தை மூடினார். மேலே தகரம் போட்டார். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லா கம்பி கட்டி, தடிமனா புது ஸ்லாப் போட்டுடலாம். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். அவர் வெளிய சொல்ல மாட்டார்."

"கிணத்த?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"சுவர்க் கல்லே சரியுது. பக்கத்து மண்ணு உள்ள போகுது. தூண் அங்கதான் நிக்குது."

"பைப்ப மாத்திட்டா தண்ணி போகாது."

"மேல இருக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு? பயந்துடுவாங்க."

"அவங்க நாளைக்குக் காலைல வர்றாங்க. சின்னக் குழந்தை."

அவர் என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணமே இல்லாமல், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "நம்ம பொண்ணும் அங்கதான வெளையாடினா. ஒண்ணும் ஆகலையே."

அத்தை, நான் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றேன். அடுப்பைப் பற்றவைத்து எதையும் வைக்காமல் அணைத்தேன். அந்தத் தரையில்கூடக் காலை மெல்ல வைத்துத்தான் நடந்தேன். அதிர்ச்சி கிணற்றைப் பார்த்ததில் இல்லை. ஒரு மனிதர் கல் போட்டு மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மகன், அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்து, இன்று காலை அதே தரையில் டீயோடு நின்று, கிணற்றின் சத்தத்தைத் தன் காதால் கேட்ட பிறகும், அதே முடிவுக்கு வந்திருக்கிறார். அதற்கு ஒரு மதியம் போதுமாக இருந்திருக்கிறது. நடுவில் நீங்கள். நீங்களும் அதே முடிவுக்கு வந்தவர்தானா, அல்லது உங்களிடமும் யாரும் சொல்லவே இல்லையா?

நாளைக் காலை அவர்கள் வரும்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பெரிய சண்டையை நான் இழுத்ததில்லை, நீங்கள் சாட்சி. இதற்கு இழுப்பேன். வெளிச்சம் போய்விட்டது. இதோடு நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோ சத்தம் கேட்டதும் நான் கேட்டுக்குப் போனேன். உங்கள் மகன் ஜன்னலருகில் நின்றார், தடுக்கவில்லை. மாடி வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் கணவன் பைகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"உள்ள வராதீங்கம்மா. ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன். கிணறு இருக்கிறது, மேலே போட்ட கல் உடைந்திருக்கிறது, சரிசெய்யும்வரை நீங்கள் இங்கே இருக்கக் கூடாது, வேறு வீடு பார்ப்பதென்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"தெரியும் ஆன்ட்டி."

"என்ன தெரியும்?" என்று கேட்டது நானல்ல, அவள் கணவன்.

"கெணறுதான். பாப்பா நடக்க ஆரம்பிச்சப்ப பாட்டி கூப்பிட்டுச் சொன்னாங்க. நாற்காலி கிட்ட பாப்பாவ விடாத, கீழ கெணறு, மண்ணு போடல, வெறுங்கல்லுதான்னு. அதான் நான் எப்பவும் தூக்கிட்டே போவேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கெணறு, எனக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல."

"எங்கிட்டகூடச் சொல்லல பாரு," என்றான் அவன்.

"உங்ககிட்ட சொன்னா தெருவுக்கே தெரியும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "எங்கிட்ட ஏன்மா சொல்லல, அவங்க?"

அவள் தயங்கினாள். "மருமகளுக்குச் சொல்லாதன்னாங்க ஆன்ட்டி. தெரிஞ்சா அன்னிக்கே லாரி வரவெச்சுத் தூத்துடுவா, அவளுக்குப் பயமே கெடையாது, அந்தப் பாவம் அவ தலைல எதுக்குன்னாங்க. நான் இருக்கற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னாங்க."

"அதுக்கப்புறம்?"

"அத நான் கேக்கல ஆன்ட்டி."

ஆக, உங்களுக்குத் தெரியும். பதில் கிடைத்துவிட்டது. நான் பாவத்தை நம்புவதில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் நம்பாத ஒன்றிலிருந்து என்னைக் காப்பாற்றுவதற்காக, நான் ஒரு நிமிடம்கூடப் பொறுத்திருக்க மாட்டாத ஒன்றின் மேல் என் மகளை வளர விட்டிருக்கிறீர்கள். காவலுக்கு உங்களை உட்கார வைத்துக்கொண்டீர்கள், உங்கள் உடம்புக்கு அடியில் கல் விரிந்துகொண்டிருந்தபோதும். இதற்கு நன்றி சொல்வதா, உங்களோடு பேசாமல் இருந்துவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்.

அவர்கள் அதே ஆட்டோவைப் பிடித்து இங்கேயுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். நான் உள்ளே வந்து மேஸ்திரிக்குப் போன் செய்து கல் லோடு கேட்டேன். உங்கள் மகன் கேட்டுக்கொண்டு நின்றார். மறுக்கவில்லை.

மதியம் லாரி வந்தது. மேஸ்திரி கற்பூரம் ஏற்றினார். கிணறு மூச்சு விட ஒரு பைப்பை நட்டு வைக்க வேண்டும் என்றார், வைக்கச் சொன்னேன். பிறகு, "மொதக் கூடைய வீட்டு ஆளுதான் போடணும் சார்," என்றார். உங்கள் மகன் ஓர் அடி பின்னால் போனார். பலகை மேல் நான் போய் நின்று வாங்கிப் போட்டேன். இரண்டாவது கூடைக்கு நான் கை நீட்டியபோது உங்கள் மகன் வந்து என்னை நகர்த்திவிட்டு அதை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வரை போட்டார்கள். நிறையவில்லை. நாளைக்கு இன்னொரு லோடு வருகிறது.